சிவப்பு பூட்ஸுக்கு நிற்கும் வண்டி

என் புருஷன் பென்ச்சோ யாருக்காகவும் வண்டியை நிறுத்துகிற ரகம் இல்லை. பாலாடைக்கட்டி வேன் ஓட்டுகிறான். விடிவதற்குள் கிளம்பி, சோபியா நகரத்துக் கடைகளுக்கெல்லாம் டின் டின்னாக இறக்கிவிட்டு, மதியத்துக்கு முன்னால் எங்கள் தெரு வழியாகத் திரும்புவான். ஜீப்ரா கோட்டைக் கண்டால் மற்ற டிரைவர்கள் காலைத் தளர்த்துவார்கள், இவன் இன்னும் அழுத்துவான். பக்கத்தில் உட்கார்ந்து நான் கத்தினால், "அது வெறும் பெயிண்ட்டுடி, சுவரா என்ன? நடக்கறவனுக்குக் கண்ணு இல்லையா?" என்பான். கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்தான்.

அப்படிப்பட்டவன் ஒருத்திக்காக வண்டியை நிறுத்தினான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

என் கடையைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் கடை வைத்திருக்கிறேன். ஜன்னல் நடைபாதையின் மட்டத்தில் இருக்கிறது. சிகரெட், பீர், காபி, சூரியகாந்தி விதை எது வேண்டுமானாலும் வாங்க வருகிறவர்கள் தெருவில் குந்த வேண்டும், குந்தித் தலையைச் சாய்த்தால்தான் என் முகம் தெரியும். இந்த ஊரில் இந்த மாதிரிக் கடைகளுக்கு அந்தப் பேரேதான், குந்துகடை. மந்திரியே வந்தாலும் என் முன்னால் குந்தித்தான் ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

பனி உள்ளே விழக்கூடாது என்று ஜன்னலுக்கு மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து இறக்கியிருக்கிறோம். அதனால் தெருவில் முழங்காலுக்கு மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கீழே நடப்பது எல்லாம் தெரியும். ஜன்னலுக்கு நேர் எதிரே ஜீப்ரா கோடு. நாள் முழுக்கக் காலணிகளும் சக்கரங்களும்தான் என் சினிமா. எங்கள் வேனை ஆயிரம் வண்டிக்கு நடுவில் கண்டுபிடிப்பேன், முன்சக்கரத்தில் வேறு ஏதோ காரிலிருந்து கழற்றிய நீல மூடி போட்டிருக்கும். அந்தத் தகரத்தை மாட்டியது பென்ச்சோதான். வேண்டுமென்றேதான் மாட்டினானோ என்றுகூடப் பிறகு எனக்குத் தோன்றியது.

பிப்ரவரியில் ஒரு நாள் நீலமூடிச் சக்கரம் வந்தது. வழக்கம்போலச் சேற்றை வாரியடித்துக்கொண்டு போகும் என்று நான் ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினேன். சக்கரம் நின்றது. கோட்டுக்கு வெகு முன்னாலேயே, கோயில் வாசலில் நிற்கிற மாதிரி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அசையவில்லை. ஒரு ஜோடி சிவப்பு பூட்ஸ் கோட்டில் இறங்கி, அவசரமே இல்லாமல், ராணி நடை நடந்து அந்தப் பக்கம் போனது. அதற்குப் பிறகுதான் சக்கரம் உருண்டது.

அந்த பூட்ஸ் யாருடையது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜானெட்டா. எங்கள் படிக்கட்டிலேயே நாலாவது மாடி. நகத்துக்குச் சாயம் பூசும் கடையில் வேலை, புருஷனை விட்டு வந்தவள், நாற்பதைத் தொடவில்லை. முன்பெல்லாம் ஆணி மாதிரிக் குதிகால் செருப்புப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று வந்து, தினம் என் ஜன்னல் முன்னால் குந்தி, "எலென்கா அக்கா, ஒரு காபி, சக்கரை வேணாம்" என்பாள். நவம்பரில் வார்னாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. ஜனவரி கடைசியில் திரும்பினாள். திரும்பியதிலிருந்து ஒரு நாள்கூட என் கடைக்கு வரவில்லை. டக் டக் போய், சத்தமே போடாத தட்டையான சிவப்பு பூட்ஸ். ஏன் சத்தம் போடாத பூட்ஸ்? ஏன் என் முகத்தைப் பார்க்க வரவில்லை? இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பா வேண்டும்?

நீட்டிய கையால் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன்.

மறுநாளும் நின்றான். அதற்கடுத்த நாளும். மற்றவர்கள் கோட்டில் நின்றால் சர்ரென்று போகிறான். மெட்டோடி தாத்தாவின் பிய்ந்த ஷூ ஒரு காலை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டதை நானே பார்த்தேன். சிவப்பு பூட்ஸ் என்றால் மட்டும் நிற்கிறான்.

இந்த மெட்டோடி எங்கள் தெருவின் வானொலி. தினம் ஒரு பீர் வாங்குவார், ஒரு வம்பு வைத்துவிட்டுப் போவார். அன்று குந்தியபடியே, "என்ன எலென்கா, உன் வீட்டுக்காரன் திருந்திட்டான் போல?" என்றார்.

"என்ன திருந்திட்டான்?"

"கோட்டுல நிக்கறானே! நிக்கறது மட்டுமா, தொப்பியத் தூக்கி ஒரு வணக்கம் வேற. உனக்குத் தெரியலையா? ஓ, உனக்குத்தான் மேல் பாதி தெரியாதே!"

"பீரை எடுத்துட்டுக் கிளம்பு தாத்தா. முட்டி பிடிச்சுக்கப் போவுது."

சிரித்துக்கொண்டே எழுந்தார். தொப்பியைத் தூக்குகிறானாம். என் அம்மாவின் சாவுக்கு வந்தபோதுகூட அந்தத் தொப்பியை நான்தான் பிடுங்கிக் கழற்றினேன்.

பார்த்துவிடுவோம் என்று மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மேலே ஏறிப் போனேன். ஜீப்ரா கோட்டுக்குப் பக்கத்தில், குப்பைத் தொட்டியை ஒட்டி நின்றேன். கறுப்பு கோட்டு, கறுப்பு சால்வை. நான் வண்டியைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? 'ஐயா, கொஞ்சம் வழி விடுங்க' என்று டிரைவர் கண்ணைப் பார்த்துக் கெஞ்சுகிறவள் இல்லை நான். தலையை நிமிர்த்தி எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் புருஷனுக்கு என்னைத் தெரியாதா?

வந்தான். போனான். கரைந்த பனிச் சேறு முழங்கால் வரை என் மேல் அடித்தது. மூன்றாம் மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவன் ரக்கியா சாராயத்தை ஊற்றி உட்காரும்வரை பொறுத்தேன்.

"இன்னிக்குக் கோட்டுக்கிட்ட நின்னேன்யா."

"எந்தக் கோட்டுக்கிட்ட?"

"எத்தன கோடு இருக்கு நம்ம தெருவுல? நீ பாட்டுக்குப் போயிட்ட. என் கறுப்பு கோட்டப் பாரு, இன்னும் காயல."

அவன் என் கறுப்பு கோட்டைப் பார்த்தான். உண்மையாகவே அதிர்ந்தான், அதில் நடிப்பு இல்லை. "நீயா? குப்பத் தொட்டிகிட்ட ஏதோ கறுப்பா நின்னுச்சு. நீ ரோட்டையே பாக்கலையே எலென்கா! கடக்கப் போறவ யாரு, வம்பு பேச நிக்கறவ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மத்தவங்க கடக்கப் போறாங்கன்னு மட்டும் தெரியுது."

"யாரு மத்தவங்க?"

நான் எழுந்து கோட்டைக் காயப்போடப் போனேன். அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் குத்தியது. குற்றமில்லாதவன் கேட்டிருப்பான்.

மார்ச் முதல் தேதி வந்தது. அன்று எங்கள் ஊரில் யாருக்கு யார்மேல் அன்பு இருந்தாலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்த்தெனிட்சா நூலைக் கட்டிவிடுவார்கள். வருஷம் முழுக்க உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று. குழந்தைக்கு, மாமியாருக்கு, ஆட்டுக்குட்டிக்கு, மரத்துக்குக்கூட. பென்ச்சோ எனக்கு ஒவ்வொரு வருஷமும் பஸ் நிறுத்தத்தில் தட்டில் வைத்து விற்பதை வாங்கிக் கட்டுவான், கட்டிவிடவாவது செய்வான். இந்த வருஷம் அதுவும் இல்லை. காலையில் எழுந்தால் நூல் சமையல் மேஜையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. நானே பல்லால் பிடித்து இழுத்து என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

மதியத்துக்கு முன்னால் நீலமூடிச் சக்கரம் வந்து நின்றது. சிவப்பு பூட்ஸ் கோட்டின் ஓரத்தில், என் ஜன்னலுக்கு இரண்டு எட்டில். வேன் கதவு திறக்கிற சத்தம். பழுப்பு ஷூ இறங்கியது. அந்த ஷூவுக்குப் புது அடி போட்டுக் கொண்டுவந்தவள் நான். பழுப்பு ஷூ நேரே நடந்து வந்து சிவப்பு பூட்ஸுக்கு எதிரே நின்றது, நுனியும் நுனியும் தொடுகிற தூரத்தில்.

பிறகு என் புருஷன் மண்டியிட்டான்.

வீட்டில் காலுறையைக் கழற்ற "எலென்கா, இடுப்பு!" என்று கூப்பிடுகிறவன். நடுத்தெருவில், சேற்றில், இரண்டு முட்டியையும் போட்டு உட்கார்ந்தான். பூட்ஸ் பக்கம் குனிந்ததும் தகரத்துக்குக் கீழே அவன் தொப்பி தெரிந்தது, காது தெரிந்தது, மூச்சு வாங்குவது கேட்டது. இந்தப் பக்கம் திரும்பினால் என்னைப் பார்த்திருப்பான். திரும்பவில்லை. பையிலிருந்து ஒரு நூலை எடுத்தான். கடையில் வாங்கியது இல்லை, கையால் முறுக்கியது, ஒரு நீல மணி கோத்தது. அதை அவள் வலது பூட்ஸின் கயிற்றில் கோத்து, கயிற்றையும் இழுத்து முடிச்சுப் போட்டான். பத்திரமாக, ஏதோ உடைந்துவிடும் போல.

காபிப் பாத்திரம் அடுப்பில் பொங்கி வழிந்தது, வழியட்டும் என்று விட்டேன்.

நிலவறையிலிருந்து தெருவுக்கு வர வேண்டுமென்றால் பின்பக்கப் படி ஏறி, இருட்டு நடையைத் தாண்டி, பெரிய கதவைத் தள்ள வேண்டும். நான் வெளியே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. அவள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏய் ஜானெட்டா! நில்லுடி! எங்கடி ஓடற? வா, வந்து என் ஜன்னல் முன்னால குந்து! குந்தி என் மூஞ்சியப் பாத்துப் பேசு!"

அவள் திரும்பினாள். நான் இறங்கினேன். இடம் பார்க்கவில்லை, வலம் பார்க்கவில்லை, கோட்டில்தான் இறங்கினேனா என்றுகூடத் தெரியாது. அந்தச் சிவப்பு பூட்ஸைத் தவிர இந்த உலகத்தில் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

டயர் தேயும் சத்தம். மஞ்சள் டாக்ஸி ஒன்றின் மூக்கு என் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. டாக்ஸிக்காரன் கண்ணாடியை இறக்கி, "சாகணும்னா வேற வண்டியப் பாரும்மா!" என்று கத்தினான். நானும் ஏதோ திட்டினேன். ஆனால் எங்கள் இரண்டு பேரையும் விட ஜானெட்டா போட்ட கூச்சல்தான் பெரிது. அந்தப் பக்கத்துக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினாள். நான் போய்ச் சேரும்போதும் கம்பத்தை விடவில்லை.

"அக்கா, பாக்காம இறங்காத அக்கா. நானும் அப்படித்தான் இறங்கினேன். இதே எடத்துல. இதே மாதிரி."

"எப்படி இறங்கின? எங்க இறங்கின? என்னடி உளர்ற?"

"நவம்பர்ல. போன்ல அவன்கூட, என் பழைய புருஷன்கூட, சண்ட போட்டுக்கிட்டே இறங்கிட்டேன். பென்ச்சோ அண்ணனும் நிறுத்தல. நான் பாக்கல, அவரு நிறுத்தல. அவ்ளோதான்." மேல்கோட்டைத் தூக்கி வலது முட்டியைக் காட்டினாள். காலுறையையும் மீறித் தெரிந்தது, வீங்கிக் கோணிய முட்டி. "ஆணி வச்சிருக்காங்க. மடங்கல அக்கா. குந்து குந்துங்கற, எப்படிக் குந்துவேன்? காபிக்காக எத்தன நாளு உன் ஜன்னல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன் தெரியுமா?"

கண்ணை அந்த முட்டியிலிருந்து எடுக்காமலே கேட்டேன்.

"வார்னாவுக்குப் போனியே?"

"எல்லாரும் கல்லறைக்குப் போயிருந்த சனிக்கிழம அது, தெருவுல யாரும் பாக்கல. ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான் போனேன். தங்கச்சி பாத்துக்கிட்டா. அண்ணன்தான் கெஞ்சினாரு. லைசென்ஸ் போயிடும், வேல போயிடும், எலென்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவான்னு. எனக்கும் என் மேலயும் தப்பு இருக்குன்னு தெரியும். உன் கடையில ஒரு வார்த்த சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னும் தெரியும். கோவிச்சுக்காத."

"கால்ல என்ன கட்டினான்?"

குனிந்து பார்த்தாள், பாவம், குனியக்கூட ஒரு பக்கமாகத்தான் குனிந்தாள். "மார்த்தெனிட்சா. காலு நல்லாகட்டும்னு. கயிறு அவிழ்ந்திருந்தது, என்னால கட்ட முடியாதேன்னு அதையும் கட்டிவிட்டாரு."

அண்ணனாம். அவள் அண்ணன் என்று கூப்பிடுவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். புருஷன் கைவிட்டுப் போகவில்லை, வேறு வீட்டுக் கட்டிலில் படுக்கவில்லை, அதற்காக நான் மெழுகுவத்தி ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை நினைத்தேன். நவம்பரில், இறந்தவர்களுக்குக் கோதுமை படைக்கிற சனிக்கிழமை. அன்று கடை அடைப்பு, நான் அம்மாவின் கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தேன். பென்ச்சோ இருட்டிய பிறகு வந்தான். வேனில் ஏதோ பெல்ட் அறுந்துவிட்டது என்றான். கல்லறைக் கோதுமையை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கரண்டி தின்றவன் பொலபொலவென்று அழுதான். என் அம்மாவுக்காக அழுகிறான் என்று நினைத்தேன். அவன் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அன்று எனக்கு மனசு நிறைந்து போயிற்று.

அந்தக் கண்ணீரும் இவளுடையதுதான். அதையும் இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"சரி, வீட்டுக்குப் போ. லிஃப்ட்ல போ" என்றேன். அவளை அடிக்கப் போன கையால் அவள் பையை வாங்கி, வண்டிகள் நிற்கும்வரை பார்த்து, ரோட்டைக் கடத்திக் கொண்டுவந்து விட்டேன். கடைக்குப் போய்க் காபி போட்டு நாலாவது மாடிக்கு எடுத்துக்கொண்டும் போனேன், சர்க்கரை இல்லாமல். பொறாமை ஒரு பக்கம் எரியட்டும், அந்த முட்டியைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் காபி போட்டிருப்பார்கள்.

சாயங்காலம் பீன்ஸ் சூப்பை அவன் முன்னால் வைத்தேன். கரண்டி வைக்கவில்லை. கையை நீட்டித் தேடினான்.

"ஜானெட்டாவோட முட்டியப் பாத்தேன்" என்றேன்.

அவன் கை மேஜையிலேயே நின்றது. பிறகு, "செருப்பு ஒண்ணு மட்டும் தனியா உருண்டுபோச்சு எலென்கா" என்றான். "குதிகால் செருப்பு. அது எங்க போயி நிக்குதுன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கீழ எறங்கவே எனக்குக் காலு வரல. அவளத் திரும்பிப் பாக்கப் பயந்து செருப்பையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"தினமும் தோணும். தினமும் உன் மூஞ்சியப் பாத்தா அடங்கிடும்."

"அந்த சிவப்பு பூட்ஸ் யாரு வாங்கிக் குடுத்தது?"

இந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்துவிட்டது. அவன் தலை குனிந்துகொண்டான். எனக்கு விடை கிடைத்துவிட்டது.

"தூரத்துலேருந்தே தெரியணும்னு சிவப்பா வாங்கினேன்" என்றான். "அவ கோட்டுகிட்ட நிக்கறான்னா முன்கூட்டியே தெரியணும். சிவப்பு தெரிஞ்சா என் காலு தானா பிரேக்குக்குப் போயிடும்."

நான் எழுந்துவிட்டேன். மேஜை ஆடிச் சூப் கொட்டியது.

"நல்லாருக்குய்யா! ரொம்ப நல்லாருக்கு! அப்ப இந்த ஊர்ல ரோட்டக் கடக்கணும்னா எல்லாரும் போயி சிவப்பு பூட்ஸ் வாங்கணுமா? மெட்டோடி தாத்தாவுக்கு என்ன கலர் வாங்கித் தரப் போற? அன்னிக்கு அவரு இறங்கின கால மறுபடி மேல ஏத்திக்கிட்டாரு, நான் பாத்தேன். நீ நிறுத்தல. அவ ஒருத்திய இடிச்ச, அவ ஒருத்திக்கு நிக்கற. நாளைக்கு இன்னொருத்திய இடிப்ப, அப்புறம் அவளுக்கும் சேத்து நிப்ப. அப்படியே ஊரு முழுக்க இடிச்சு முடிச்சதும் எல்லாருக்கும் நிப்பியா?"

"எலென்கா..."

"நான் நின்னேன். உன் பொண்டாட்டி. எம்மேல சேத்த அடிச்சுட்டுப் போன. எனக்கு நீ நிக்கணும்னா மொதல்ல என்னை இடிக்கணுமா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அந்த அழுகை யாருக்கானது என்று நான் யோசிக்கவில்லை. கரண்டியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து சக்கரத்தை மட்டும் பார்த்தேன். நீலமூடிச் சக்கரம் மெட்டோடியின் பிய்ந்த ஷூவுக்கு நின்றது. தாத்தா நம்பாமல் அப்படியே நின்றார், சக்கரமும் நின்றது, யார் முதலில் நகர்வது என்று இரண்டு பேருக்கும் பெரிய போட்டி. பள்ளிக்கூடத்து ஈர பூட்ஸ்களுக்கு நின்றது. ஒரு நாய்க்கும் அதன் கயிற்றுக்கும் நின்றது. ஒரு நாள் நான் பார்த்தே இராத வெள்ளிநிறக் குதிகால் செருப்பு ஒன்றுக்கும் நின்றது. நல்லதுதான், எல்லாருக்கும் நிற்க வேண்டும் என்று கேட்டவள் நான்தான். ஆனால் அந்த வெள்ளிச் செருப்பு யாருடையது என்று மெட்டோடியிடம் இரண்டு தடவை விசாரித்தேன்.

"அக்கா, நீ போய் நின்னு பாரேன்" என்றாள் ஜானெட்டா. இப்போது அவளுக்குக் காபி நான்தான் மேலே கொண்டுபோகிறேன். "குப்பத் தொட்டிக்குப் பின்னால ஒளியாத. கோட்டுக்கு நேரா நில்லு. டிரைவர் கண்ணப் பாரு. சக்கரம் நின்னப்புறம் இறங்கு. உன் பொறுப்ப நீ செய்யி, அவரு பொறுப்ப அவரு செய்யட்டும்."

"யாரு கண்ணையும் பாத்துக் கெஞ்ச மாட்டேன்."

"கெஞ்சறது இல்லக்கா. இங்கதான் இருக்கேன்னு சொல்றது."

சனிக்கிழமை போய் நின்றேன். அதே கறுப்பு கோட்டுதான், ஆனால் ஜீப்ரா கோட்டுக்கு நேர் எதிரே, திறந்த இடத்தில். அதே பழைய கறுப்பு பூட்ஸ். ஜானெட்டாவை மட்டும் வரக்கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன். அவளும் வந்து நின்றால் அவன் யாருக்காக நிறுத்தினான் என்று எனக்குச் சாகும்வரை தெரியாமல் போய்விடும். அவள் மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டோடி பீரோடு என் கடைப் பக்கம் சாய்ந்து நின்றார்.

வேன் வளைவில் திரும்பியது. நான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முகத்தை நேராகப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவன் ஓட்டும்போது முன்னாலிருந்து அவன் முகத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கிழடாகியிருந்தான். கண்ணைச் சுருக்கி ரோட்டின் இரண்டு ஓரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தான், பயந்தவன் மாதிரி. பிறகு என்னைப் பார்த்தான்.

நின்றான். கோட்டுக்கு வெகு முன்னால், குலுங்காமல் நின்றான். கை தொப்பிக்குப் போனது.

சக்கரம் முழுக்க நின்றதும் இறங்கினேன். பாதிக் கோடு வரை நடந்தேன். அங்கே நின்றேன். திரும்பி வேனுக்கு நேரே போய், வலது காலைத் தூக்கி அதன் முன் பம்பர்மேல் வைத்தேன். என் பூட்ஸ் கயிறு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அவிழ்த்துவிட்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஹாரன்கள் தொடங்கின. பென்ச்சோ கண்ணாடியை இறக்கி, "என்னடி பண்ற? நடு ரோட்டுல!" என்றான்.

"இறங்கி வா."

"எலென்கா, பின்னால வண்டி..."

"வா."

"அக்கா!" என்று நாலாவது மாடியிலிருந்து ஜானெட்டா கத்தினாள். "கோட்டுல நிக்கக் கூடாதுக்கா! சீக்கிரம் கடக்கணும்! அதுவும் உன் பொறுப்புதான்!"

"நீ உள்ள போடி!"

பென்ச்சோ இறங்கினான். என்னைப் பார்த்தான், பம்பரில் இருந்த காலைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையைத் துழாவினான். ஒரு நூல் எடுத்தான். கையால் முறுக்கியது, சிவப்பும் வெள்ளையும், நீல மணி கோத்தது. எந்த நாளிலிருந்து அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தானோ தெரியாது. முட்டி இரண்டையும் ஈரத்தில் போட்டு உட்கார்ந்தான். மெட்டோடி பீர் பாட்டிலைத் தூக்கி யாருக்கோ வாழ்த்துச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நூலைக் கோத்தான், கயிற்றை இழுத்தான், முடிச்சுப் போட்டான்.

"போதுமா?" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"அவளுக்கு எத்தன முடிச்சு போட்ட?"

"ஒண்ணுதான்டி. சத்தியமா ஒண்ணுதான்."

"அப்ப எனக்கு மூணு போடு."

மூன்றாவது முடிச்சு விழுகிறவரை நான் காலை எடுக்கவில்லை.